பிஎஃப் முகவரி அட்டவணை

பிஎஃப் முகவரி அட்டவணை என்பது ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் தீச்சுவராகிய பிஎஃப், பல ஐபி முகவரிகளை ஒரு பெயரின் கீழ்த் தொகுத்து வைக்கும் பட்டியல் ஆகும். தீச்சுவரின் விதிகளைத் தொடாமலேயே இப்பட்டியலில் முகவரிகளைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். கட்டளைவரியில் இதனைச் செய்யும் நிரல் பிஎஃப்சிடிஎல் எனப்படுகிறது.

தோற்றம்

ஓப்பன்பிஎஸ்டி முன்னர் ஐபிஃபில்ட்டர் என்னும் தீச்சுவரைப் பயன்படுத்தியது. உரிமம் தொடர்பான பிணக்கினால் 2001 மே மாதத்தில் அது நீக்கப்பட்டது. அதன் இடத்தில் டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப், அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பில் இடம்பெற்றது. அட்டவணைகள் 2003 மே மாதத்தில் வெளிவந்த 3.3 பதிப்பில் வந்தன. இவற்றை எழுதியவர் செட்ரிக் பெர்ஜர்.

விதி ஒன்றில் முகவரிகளை நேரடியாக அடுக்கி எழுதினால், பிஎஃப் அதனை முகவரிக்கு ஒரு விதியாக விரித்துக்கொள்ளும். ஆயிரம் முகவரிகள் என்றால் ஆயிரம் விதிகள். அட்டவணையோ ரேடிக்ஸ் மரம் என்னும் தரவுக் கட்டமைப்பில் வைக்கப்படுகிறது. எனவே 50,000 முகவரிகள் கொண்ட அட்டவணையில் தேடுவதற்கு, 50 முகவரிகள் கொண்டதில் தேடுவதைவிடச் சற்றே கூடுதலான நேரம்தான் ஆகும். மேலும், மிக நெருங்கிப் பொருந்தும் பதிவே கணக்கில் கொள்ளப்படும். 203.0.113.0/24 என்ற வலையமைப்பு முழுவதையும் சேர்த்துவிட்டு, 203.0.113.7 என்ற ஒரு முகவரிக்கு மட்டும் வியப்புக்குறியை முன்னிட்டு விலக்கு அளிக்கலாம்.

கட்டளைகள்

சிறிய எழுத்து 'டி' தெரிவு அட்டவணையின் பெயரையும், பெரிய எழுத்து 'டி' தெரிவு செய்ய வேண்டிய செயலையும் குறிக்கும். புதியவர்கள் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடுவது வழக்கம். சேர்க்க 'ஆட்', நீக்க 'டெலீட்', உள்ளடக்கத்தைக் காண 'ஷோ', முழுவதையும் துடைக்க 'ஃப்ளஷ்' ஆகியவை பயன்படும். ஒரு முகவரி அட்டவணையில் பொருந்துகிறதா என்பதை 'டெஸ்ட்' கூறும். பெரிய வலையமைப்புகள் பதியப்பட்டுள்ளபோது பட்டியலைக் கண்ணால் தேடுவதைவிட இதுவே நம்பத்தக்கது. 'எக்ஸ்பயர்' என்பதுடன் 86400 என்று கொடுத்தால், சேர்க்கப்பட்டு 24 மணி நேரம் கடந்த பதிவுகள் நீங்கும். இடையில் எண்ணிக்கைக் கணக்கு துடைக்கப்பட்டிருந்தால் அந்நேரத்திலிருந்து கணக்கிடப்படும்.

இவ்வாறு செய்யும் மாற்றங்கள் கருனியின் நினைவகத்தில் மட்டுமே நிகழ்கின்றன. கணினி மீளத் தொடங்கினால் மறைந்துவிடும். நிலைக்க வேண்டுமாயின் 'ஷோ' தரும் பட்டியலைக் கோப்பில் சேமித்து, அமைவுக் கோப்பில் அதனைச் சுட்ட வேண்டும். ஆனால் கோப்பைச் சுட்டும் அட்டவணை, விதிகளை மீண்டும் ஏற்றும்போது அக்கோப்பிலிருந்தே நிரப்பப்படும். இடையில் கையால் சேர்த்தவை போய்விடும். எந்த விதியும் சுட்டாத அட்டவணையைக் கருனி நீக்கிவிடாதிருக்க 'பெர்சிஸ்ட்' என்னும் சொல் தேவை. 'கான்ஸ்ட்' என்று குறித்த அட்டவணையைப் பின்னர் மாற்ற இயலாது. அக்குறி இல்லாதவற்றை, விதிகளையே மாற்ற முடியாத பாதுகாப்பு நிலை 2 இலும் மாற்றலாம் என்பது கவனிக்கத்தக்கது.

ஏற்கனவே உள்ள இணைப்புகள்

தாக்குபவரின் முகவரியைத் தடை அட்டவணையில் சேர்த்தவுடன் அவர் வெளியேற்றப்படுவார் என்று எண்ணுவது தவறு. பிஎஃப் அனுமதிக்கப்பட்ட இணைப்புகளின் நிலையை நினைவில் வைத்திருக்கும். 2007 இல் வெளிவந்த 4.1 பதிப்பிலிருந்து இது இயல்பான நடத்தையாகும். வரும் பொதி இந்நிலைப் பட்டியலில் பொருந்திவிட்டால் விதிகள் பார்க்கப்படுவதே இல்லை. எனவே அட்டவணையும் பார்க்கப்படாது. தடை புதிய இணைப்புகளை மட்டுமே நிறுத்தும். பழையவற்றைத் துண்டிக்க, சிறிய எழுத்து 'கே' தெரிவுடன் அம்முகவரியைத் தந்து நிலைகளைத் தனியே நீக்க வேண்டும். கடவுச்சொல்லை ஊகிக்கும் தாக்குதல்களுக்கு எதிராக, வரம்பு மீறும் முகவரியைத் தானாக அட்டவணையில் சேர்க்கும் 'ஓவர்லோட்' விதியுடன் 'ஃப்ளஷ் குளோபல்' சேர்க்கப்படுவதும் இதனாலேயே.

இதே இயல்பு தொலைவிலிருந்து வழங்கியைப் பராமரிப்போரையும் ஏமாற்றக்கூடும். தம் முகவரி அடங்கிய வலையமைப்பைத் தவறுதலாகத் தடுத்தவருக்கு, திறந்துள்ள இணைப்பு தொடர்ந்து இயங்கும். வெளியேறி மீண்டும் நுழைய முயலும்போதுதான் கதவு அடைபட்டிருப்பது தெரியவரும். ஆகவே பழைய இணைப்பை மூடும் முன் புதிய இணைப்பொன்றைத் திறந்து பார்ப்பது நல்லது.

பிற இயங்குதளங்கள்

பிஎஃப் பின்னர் ஃப்ரீபிஎஸ்டி, மேக் இயங்குதளம் ஆகியவற்றிலும் சேர்க்கப்பட்டது. ஐபிஃபில்ட்டரில் ஐபிபூல் என்னும் கட்டளை இதையொத்த பணியைச் செய்கிறது. லினக்சில் ஐபிசெட் 2011 இல் 2.6.39 கருனியுடன் இணைக்கப்பட்டது.