ஹார்ம்ஸ்வொர்த் குடும்பம்: நாளிதழும் அரசியலும் போரும்

பிரிட்டனின் டெய்லி மெயில் நாளிதழை 1896இல் தொடங்கியவர்கள் ஆல்ஃபிரட், ஹெரால்ட் ஹார்ம்ஸ்வொர்த் சகோதரர்கள். பின்னர் இவர்கள் முறையே நார்த்கிளிஃப், ராதர்மியர் பிரபுக்களாயினர்.

முதலாம் உலகப் போரின்போது, பீரங்கிக் குண்டுகளின் பற்றாக்குறைக்குப் போர் அமைச்சர் கிச்சனரே பொறுப்பு என்று 1915இல் அந்நாளிதழ் சாடியது. சினமுற்றோர் லண்டன் பங்குச் சந்தையில் அதன் பிரதிகளை எரித்தனர். ஆயினும் குண்டுப் பற்றாக்குறை விவகாரம் கூட்டணி அரசு அமைய வழிகோலியது.

1917இல் ராதர்மியரே விமானப்படை அமைச்சரானார். அவரது மூன்று மகன்களில் இருவரைப் போர் பலிகொண்டது. எனினும், பொதுவுடைமைக்கு அஞ்சிய அவர், 1934இல் ஆஸ்வால்ட் மோஸ்லியின் பாசிச இயக்கத்தைத் தமது நாளிதழில் போற்றினார். அவ்வாண்டே ஹிட்லரையும் சந்தித்தார்.

1940இல் அவர் மறைந்தபின் பட்டம் எஞ்சிய மகன் எஸ்மண்டைச் சேர்ந்தது. அமைச்சர்களை வாக்காளர்கள் அகற்றலாம். நாளிதழின் உடைமையோ தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது.