கலைக்கும் கையும் கலைக்கும் பெட்டியும்: பாரமகால் சீட்டாட்டத்தின் ஒரு பகுதி வரலாறு

சீட்டாட்டத்தில் தற்செயல் என்பது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, கட்டைக் கலைக்கும் சில நொடிகளுக்குள் நுழைந்து முடிந்துவிடுகிறது. அதன் பின்னர் நடக்கும் இழுப்பும் எறிதலும், நினைவும் கணக்கும், பந்தயமும் பின்வாங்கலும் அந்த நொடிகளில் தீர்மானமான வரிசையின் மீதே நடைபெறுகின்றன. ஆகவேதான், எவர் கலைக்க வேண்டும், எவர் வெட்ட வேண்டும், எப்படிக் கலைத்தால் எல்லோரும் ஏற்பர் என்பவை குறித்து ஒவ்வொரு காலத்திலும் வழக்கங்கள் உருவாகியுள்ளன. நீதிமன்றங்களும் கணிதவியலாளரும்கூட இதே இடத்திற்கு வந்து சேர்ந்துள்ளனர். இன்று மின்கலத்தால் இயங்கும் கலைப்புப் பெட்டி வீட்டுச் சீட்டாட்டத்திற்குள் வந்துள்ள நிலையில், தருமபுரி மாவட்டமும் அதைச் சூழ்ந்த பகுதியும் கடந்துவந்த சீட்டாட்ட வரலாற்றைக் கலைத்தல் என்ற ஒரே செயலின் வழியாகப் பார்ப்பது பயனுடையது.

இன்றைய தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. 2004இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் பாரமகால் என்று அழைக்கப்பட்ட இந்நிலம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சியின்கீழ் இருந்து, 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் நிலவரி ஏற்பாடுகளைச் செய்த அதிகாரிகளுள் ஒருவரான தாமஸ் மன்றோ, 1799 வரை இப்பகுதியில் பணியாற்றித் தருமபுரியில் தங்கியிருந்தார். ஆட்சி எல்லை மாறினாலும், மலைக் கணவாய்கள் வழியே மைசூர்ப் பீடபூமியோடு இருந்த போக்குவரத்து நிற்கவில்லை. பேச்சிலும் உணவிலும் வழிபாட்டிலும் இன்றும் காணப்படும் கன்னட, தெலுங்குக் கலப்பு அதற்குச் சான்றாகும். எனவே இப்பகுதியின் சீட்டாட்ட வரலாற்றை மைசூரிலிருந்து தொடங்குவதே முறை.

ஐரோப்பியச் சீட்டு பரவுவதற்கு முன் இந்தியாவின் அரண்மனைகளிலும் பின்னர்ப் பொதுமக்களிடையிலும் வழங்கியது கஞ்சிஃபா என்னும் வட்டச் சீட்டாகும். 1527இல் பாபர் சிந்துப் பகுதியின் ஷா உசேனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகளை அனுப்பிய செய்தி அவருடைய நினைவுக் குறிப்புகளில் உள்ளது. அக்பர் காலத்துச் சீட்டுகளை அபுல் ஃபசல் தமது அயினி அக்பரி நூலில் விவரிக்கிறார். முகலாய வகையில் எட்டு இனங்களுக்கு 96 சீட்டுகள். திருமாலின் பத்து அவதாரங்களைக் கொண்ட தசாவதார வகையில் பத்து இனங்களுக்கு 120 சீட்டுகள். ஒவ்வோர் இனத்திலும் அரசர், அமைச்சர், ஒன்று முதல் பத்துவரை எண் சீட்டுகள் என 12 இருக்கும். மைசூர் மன்னர் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இதை மேலும் விரித்து, ‘சாட்’ எனப்படும் பல புதிய ஆட்டங்களை வகுத்தார். அவர் தொகுத்த ஸ்ரீதத்துவநிதியின் கௌதுகநிதிப் பகுதி இவற்றை விளக்குகிறது. அவற்றுள் பெரிய ஆட்டங்களுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட சீட்டுகள் தேவைப்பட்டன.

அரக்குப் பூச்சால் விறைப்பான இந்த வட்டச் சீட்டுகளை உள்ளங்கையில் வளைத்துச் சரித்துக் கலைக்க இயலாது. நூறுக்கு மேற்பட்டவற்றை ஒரு கையில் பிடிப்பதும் அரிது. அதனால் ஆடுவோரின் நடுவே வெள்ளைத் துணியை விரித்து, சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி, இரு கைகளாலும் துழாவிக் கலந்தனர். துழாவும் கையையும் துழாவப்படும் சீட்டையும் சுற்றி அமர்ந்த அனைவரும் காணமுடிந்தது. ஐயமுற்றவர் தம் கையையும் நீட்டிக் கலந்துவிட முடிந்தது. எளிமையானது என்று பின்வந்தோர் கைவிட்ட இந்த முறையின் தரத்தை மிகப் பிற்காலத்தில்தான் கணிதம் உறுதிசெய்தது.

ஆங்கில ஆட்சியோடு பரவிய 52 சீட்டுக் கட்டு, அச்சிட்ட மெல்லிய அட்டையால் ஆனது. வளையும், வழுக்கும், ஒரு கையில் அடங்கும். இதனால் கலைத்தல் துணியிலிருந்து கைக்கு ஏறியது. கட்டின் ஒரு பகுதியை உருவி மறுபகுதியின்மேல் சிறிது சிறிதாகப் போடுவது இப்பகுதி வீடுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் முறை. கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளின் ஓரங்களையும் விரலால் சரசரவென விட்டுக் கோப்பது பழகிய கைகளுக்கே வரும் முறை. கலைப்பவர் தமக்கு வேண்டிய சீட்டை ஓரிடத்தில் அமர்த்திவிடலாம் என்ற அச்சம் இங்கிருந்து தொடங்குகிறது. அதற்கு மருந்தாக எழுந்ததே ‘வெட்டு’. கலைத்தவர் கட்டைக் கீழே வைக்க, பக்கத்தில் இருப்பவர் அதில் ஒரு பகுதியைத் தூக்கி வைப்பார். அடியில் இருந்தது மேலே வரும். கலைப்பவரும் வெட்டுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கவேண்டும் என்பது எழுதப்படாத விதியாயினும், அதை மீறினால் ஆட்டமே கலைந்துவிடும் அளவுக்கு வலிமையுடையது.

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் வட்டாரங்களில் சீட்டுக் கட்டு வெளியே வரும் சந்தர்ப்பங்கள் தமிழ்நாட்டின் பிற உள்மாவட்டங்களில் உள்ளவையே: முகூர்த்தத்திற்கு முந்தைய இரவில் திருமண மண்டபத்தின் மாடி, திருவிழாவுக்கு ஊர் திரும்பிய உறவினர் கூடும் திண்ணை, துக்க வீட்டில் விடியும்வரை விழித்திருக்க வேண்டிய ஆண்களின் பாய். பெங்களூரிலும் ஓசூரிலும் வேலைபார்ப்போர் பொங்கலுக்கு வரும்போது இக்கூட்டம் பெருகுகிறது. ஆடப்படுவது பெரும்பாலும் ரம்மி. ஆளுக்கு 13 சீட்டு. அவற்றை வரிசைகளாகவும் ஒரே எண் கொண்ட தொகுதிகளாகவும் சேர்க்க வேண்டும். ஜோக்கர் கலவாத ஒரு வரிசையாவது இருந்தாக வேண்டும். முதலிலேயே விலகினால் 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, முழுத் தோல்விக்கு 80 என்பது பரவலான கணக்கு. விலகுவதை ‘ஸ்கூட்’ என்பர்.

இருவருக்கு மேல் ஆடினால் இரண்டு கட்டு, ஐந்தாறு பேர் என்றால் மூன்று கட்டு என்று சேர்வதால், நூறுக்கும் மேற்பட்ட சீட்டுகளை ஒவ்வொரு சுற்றிலும் கலைக்க வேண்டியிருக்கிறது. ஒரு சுற்று முடியும்போது தரையில் கிடப்பவை ஏற்கெனவே வரிசையாகச் சேர்த்துவைக்கப்பட்ட சீட்டுகள் என்பதை மறக்கக் கூடாது. அரைகுறையாகக் கலைத்தால் ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அருகருகே தங்கி, ஆட்களுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு போடும்போது அடுத்தடுத்து அமர்ந்தவர்களுக்குப் பிரிந்து போகின்றன. அடுத்தவர் கையில் எது இருக்கும் என்று ஊகிக்கும் அனுபவசாலிக்கு இதுவே துப்பு.

‘உள்ளே வெளியே’ அல்லது மங்காத்தா எனப்படும் ஆட்டத்தின் நிலை வேறு. ஒரு சீட்டைக் குறித்துக்கொண்டு, அதே எண் கொண்ட சீட்டு இரு பக்கங்களில் எதில் விழும் என்று பணம் கட்டும் இந்த ஆட்டம், கர்நாடகத்தில் அந்தர் பாஹர் என்று வழங்குகிறது. இதில் ஆடுபவர் செய்ய எதுவும் இல்லை. முதலில் சீட்டு விழும் பக்கத்திற்கு வாய்ப்பு ஏறத்தாழ 51.5 விழுக்காடு, மற்றவை எல்லாம் கலைத்தவரின் கையில். புளியந்தோப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் காவல்துறை வளைத்துப் பிடிக்கும் ஆட்டங்களுள் இதற்கு முதன்மை இடம் உண்டு; குடும்பங்களின் கூலியையும் கறவை மாட்டையும் விழுங்கிய ஆட்டம் இது என்பதால், அந்த வளைப்புகளை வெறும் ஒழுக்கக் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது.

சட்டமும் கலைத்தலைச் சுற்றியே நிற்கிறது. 1930ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம், இன்று தமிழ்நாடு சூதாட்டச் சட்டமாக நடைமுறையில் உள்ளது. இடத்தின் உரிமையாளர் ஆதாயம் பெறும் வகையில் சூதாட்டக் கருவிகள் வைத்து நடத்தப்படும் பொதுச் சூதாட்ட இல்லத்தை அது தண்டிக்கிறது. திறமையை மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கு அதன் 11ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ரம்மி எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு விடை செகந்திராபாத்தின் கேளிக்கை மன்றம் ஒன்றின் மீதான வழக்கில் கிடைத்தது. 1963 மே மாதம் அங்கு நடந்த காவல்துறைச் சோதனை தொடர்பாக 1967 நவம்பர் 22 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நீதிபதி ஹிதாயத்துல்லாவின் எழுத்தில், சீட்டு கலைத்துப் போடப்படும் எந்த ஆட்டத்திலும் தற்செயல் இருக்கத்தான் செய்யும் என்றும், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றும் கூறியது. மூன்று சீட்டு ஆட்டத்தை அது தற்செயல் ஆட்டம் என்றே வைத்தது. இத்தீர்ப்பின் நுட்பம், கலைத்தல் நேர்மையாக நடந்தது என்பதை அது முன்நிபந்தனையாகக் கொள்வதில் உள்ளது. கலைத்தல் பழுதானால் திறமை, தற்செயல் என்ற பிரிவினைக்கே பொருள் இல்லை.

நேர்மையான கலைத்தல் எது என்பதைக் கணிதம் அளந்தது. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. கட்டை இரண்டாகப் பிரித்துக் கோக்கும் முறைக்கு எட்கர் கில்பர்ட்டும் கிளாட் ஷானனும் வகுத்த மாதிரியைக் கொண்டு, டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கட்டுக்கு ஏறத்தாழ ஏழு முறை கோத்தால்தான் பழைய வரிசையின் தடம் அழியும் என்று காட்டியது. கட்டு இரட்டிப்பானால் ஏறத்தாழ ஒன்றரை முறை கூடும். உருவி உருவிப் போடும் முறைக்கோ, ராபின் பெமான்டில் 1989இல் நிறுவிய முடிவின்படி, ஆயிரக்கணக்கான முறை தேவை. அதாவது, நம் வீடுகளில் மிகப் பரவலாக உள்ள முறையே மிகப் பலவீனமானது. மாறாக, பரப்பித் துழாவும் முறையை ஆராய்ந்த டயகோனிஸ், ஒரு நிமிட அளவு துழாவினாலே வரிசை நன்கு கலந்துவிடுவதைக் கண்டார். கஞ்சிஃபா ஆடியோரின் துணி இவ்வகையில் கைவிரல் வித்தையை விஞ்சியது.

இயந்திரம் இந்தப் பின்னணியில் வருகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த, முன்னர் லாரி ஓட்டுநராக இருந்த ஜான் பிரீடிங், 1983இல் ஷஃபிள் மாஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1992இல் அவருடைய இயந்திரம் சூதாட்ட விடுதிகளுக்குள் நுழைந்தது. பெரிய இயந்திரங்களும் பிழையற்றவை அல்ல: பத்து அடுக்குகளில் சீட்டுகளைப் பிரித்துப் போடும் ஒருவகை இயந்திரத்தை டயகோனிஸ், ஃபுல்மன், ஹோம்ஸ் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், நன்கு கலைத்த கட்டில் சராசரியாக 4.5 சீட்டுகளையே சரியாக ஊகிக்கமுடியும் என்றிருக்க, அந்த இயந்திரத்தின் கட்டில் 9.5 சீட்டுகளை ஊகிக்கலாம் என்று காட்டினர்.

வீட்டு உபயோகப் பெட்டி இதனினும் எளியது. இருபுறமும் உள்ள தட்டுகளில் கட்டின் இரு பாதிகளை வைத்துப் பொத்தானை அழுத்தினால், ரப்பர் உருளைகள் சுழன்று அடிச் சீட்டுகளை நடுப்பெட்டிக்குள் தள்ளும். ரம்மிக்கு மட்டுமன்றி, கைச்சீட்டுகளையும் நடுவில் விரித்த பொதுச் சீட்டுகளையும் சேர்த்துச் சிறந்த ஐந்து சீட்டுச் சேர்க்கையை நோக்கிப் பந்தயம் கட்டும் போக்கருக்கும் இதை வாங்குகின்றனர். ஒருமுறை பொத்தானை அழுத்துவது ஒருமுறை கோப்பதற்கே சமம் என்பதைப் பலர் அறிவதில்லை. ஏழு முறை ஓட்டினால்தான் கணிதம் சொல்லும் அளவை எட்டலாம். உருளைகள் பிசகாமல் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தள்ளினால் நிலைமை மேலும் மோசமாகும். மேல்சீட்டு மேலேயே நிற்கும்படி துல்லியமாகக் கோத்தால் 52 சீட்டுக் கட்டு எட்டாவது முறையில் தொடங்கிய வரிசைக்கே திரும்பிவிடும். மலிவான பெட்டியின் ஒழுங்கற்ற இயக்கம்தான் அதைக் காப்பாற்றுகிறது. வாதநோயால் விரல் மடங்காத முதியவர் ஆட்டத்தில் தம் முறைக்குக் கலைக்க முடிவது இப்பெட்டியின் மெய்யான நன்மை. மூன்று கட்டுகளோடு போராடும் ரம்மிக் கூட்டத்திற்கும் அது கைவலியைக் குறைக்கிறது.

கைபேசி ஆட்டத்தில் கலைத்தல் கண்ணிலிருந்து முழுமையாக மறைந்தது. 1999இல் ஓர் இணையப் போக்கர் நிரலை ஆராய்ந்தோர், அது கடிகாரத்தின் மில்லி நொடியைக் கொண்டு கலைத்ததால் நாளொன்றுக்கு 8.64 கோடி வரிசைகளே சாத்தியம் என்பதைக் கண்டு, வரப்போகும் சீட்டுகளை முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டினர். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டின் தடைச் சட்டத் திருத்தத்தை உயர் நீதிமன்றம் நீக்கியதும், பின்வந்த இணையச் சூதாட்டச் சட்டத்தை 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகக் குறித்த அட்டவணையை மட்டும் நீக்கியதும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, தற்செயல் என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்ததும் அண்மைய வரலாறு. பாயில் அமர்ந்து ஆடும் சீட்டு இவற்றுக்கு வெளியே, 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழேயே நிற்கிறது.

2025 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கில், தனியார் போக்கர் ஆட்டங்களில் கலைப்பு இயந்திரங்களை மாற்றியமைத்து, யார் கையில் எந்தச் சீட்டு என்பதை வெளியே இருப்பவருக்கு அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டுள்ளது; 52 சீட்டும் உள்ளனவா என்று சரிபார்க்க அவ்வியந்திரத்துள் பொருத்தப்பட்ட படக்கருவி உள்ளிருக்கும் வரிசையைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023இலேயே செய்துகாட்டியிருந்தனர். படக்கருவியற்ற வீட்டுப் பெட்டிக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனாலும், பெட்டி கலைத்து முடித்த கட்டை மேசைமேல் வைத்துப் பக்கத்தில் இருப்பவர் வெட்டுவது காரணமுள்ள வழக்கமாகும். வெட்டு வரிசையைக் கூடுதலாகக் கலைப்பதில்லை எனினும், எந்தச் சீட்டிலிருந்து ஆட்டம் தொடங்கும் என்பதைக் கலைத்தவர் அறியாதபடி மாற்றிவிடுகிறது. அந்தக் கலைத்தவர் ஆளா, பெட்டியா என்பதைப் பொறுத்து அதன் பயன் குறைவதில்லை.