ஒளிப்படத் திருத்தக் கலை: பெங்களூர் கண்டோன்மென்ட், பிரேசர் டவுன்

எடுத்து முடித்த படத்தில் தோலின் புள்ளி, கண்ணின் கீழ் நிழல், துணியின் கசங்கல், வண்ணப் பிசகு ஆகியவற்றைச் செப்பனிடும் தொழில் ஒளிப்படத் திருத்தம். ஸ்டுடியோக்காரர்கள் இதை டச்சப் என்பார்கள்; இன்று பயில்வோர் ரீடச்சிங் என்கிறார்கள். அழகுப் படமும் ஆடை விளம்பரமும் இந்தக் கை படாமல் அச்சுக்குப் போவது அரிது.

பிரேசர் டவுன் 1910-இல் பெங்களூரின் கண்டோன்மென்ட் பகுதியில் உருவானது. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசானாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அரசு ஆவணங்களில் புலிகேசி நகர். தமிழ் இன்றும் தாராளமாகப் புழங்கும் வட்டாரம். ஆனால் பெங்களூரில் படத்தைத் திருத்தும் வேலை அந்தப் பேட்டையைவிட அரை நூற்றாண்டு மூத்தது.

அன்று அந்த வேலையைச் செய்தவர் சென்னை இராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப். 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்துத் திரும்பியவர், அவற்றில் 120 படங்களைத் தேர்ந்து, ஐம்பது தொகுப்புகளாகப் பெங்களூரில் அச்சிட்டார். பிறகு சென்னை அரசின் ஒளிப்படக்காரராக மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். அவருடைய காகித நெகட்டிவ்களை உற்றுப் பார்த்தால் தூரிகைத் தடம் தெரியும். வானத்து மேகங்களில் பலவும், மர இலைகளில் சிலவும் அவர் சாயம் தொட்டு வரைந்தவை. 1859-இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் இந்தப் பணியை ஆடம்பரச் செலவென்று நிறுத்திவிட்டார். தென்னிந்திய ஒளிப்படத்துக்கு அது பேரிழப்பு.

மேகத்தைக் கையால் வரைய வேண்டிய தேவை ஏன் வந்தது? அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கியது. சிவப்பை ஏறக்குறைய வாங்கவே இல்லை. அதனால் நீலவானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. அதே காரணத்தால் மனித முகமும் கெட்டது. சிவந்த பரு கரும்புள்ளியானது. மாநிறத் தோல் உள்ளதைவிடக் கறுத்தது. முகத்தைத் திருத்துவது அன்று வெறும் பூச்சு வேலை அல்ல, கருவியின் பிழையை ஈடுசெய்யும் வேலை. ஐரோப்பாவில் மியூனிக் நகரத்து பிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் திருத்திய நெகட்டிவை வைத்ததிலிருந்து முகத்திருத்தம் பரவியது என்பார்கள்.

கண்ணாடி நெகட்டிவ் வந்ததும் ஸ்டுடியோக்களில் இதற்கெனத் தனி ஆள் அமர்ந்தார். சாய்வு மேசை, பின்னாலிருந்து வெளிச்சம், ஊசிபோல் சீவிய கடின பென்சில். வெளிச்சமும் இருளும் தலைகீழாக விழும் நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். கத்தியால் சுரண்டிய இடம் கறுக்கும். சுருக்கத்தை அடியோடு அழித்தால் முகம் செத்துவிடும். அதன் ஆழத்தை மட்டும் குறைக்கத் தெரிந்தவரே தேர்ந்த கைக்காரர். அச்சிட்ட தாளில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய பிரஷ்ஷால் மூடுவது ஸ்பாட்டிங். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கன்னச் சிவப்பும் பட்டுப்புடவைச் சரிகையும் தீட்டித் தந்தவர்களும் இருந்தனர். படிப்பு என்பது மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான்.

1990-இல் நோல் சகோதரர்களின் போட்டோஷாப் வெளிவந்தது. அது விண்டோஸ் கணினிக்கு வந்ததில் பெரும்பங்கு சீதாராமன் நாராயணன் என்ற பொறியாளருடையது. மென்பொருளைத் திறக்கும்போது தெரியும் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறை வேலை பழகியது. 1994-இல் படத்தை அடுக்குகளாகப் பிரித்து வேலை செய்ய உதவும் லேயர், 2002-இல் தோலின் புள்ளியை மறைக்கும் ஹீலிங் பிரஷ் ஆகியவை சேர்ந்தன. இன்று பயில்வோர் முதலில் கற்கும் டாட்ஜ் (வெளுக்கச் செய்வது), பர்ன் (கறுக்கச் செய்வது) இரண்டும் இருட்டறையில் அச்சிடுவோரிடமிருந்து வந்த சொற்கள். பென்சிலும் கத்தியும் செய்துவந்த வேலையே அவற்றின் வேலை. ஃப்ரீக்வன்ஸி செபரேஷன் என்ற முறை தோலின் நிறத்தையும் நுண்துளைகளையும் இரண்டு லேயர்களாகப் பிரிக்கிறது. கைமீறினால் தோல் பிளாஸ்டிக் ஆகிவிடும். பழகுவோரில் பலர் வழுக்குவது இங்கேதான்.

பெங்களூரில் இத்தொழிலுக்குக் கூலியும் கிராக்கியும் கூட்டியது ஆடை வணிகம். தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் 1997-இல் இங்கே வந்தது. 2007-இல் தொடங்கிப் பின்னர் ஆடைக்கு மாறிய மிந்த்ரா போன்ற இணையக் கடைகளுக்கு நாள்தோறும் புதுப் படம் வேண்டும். கற்கும் முறையும் மாறியது: தமிழகத்தில் ஊட்டிக்கு அருகே லவ்டேலில் லைட் அண்ட் லைஃப் அகாடமி 2001 முதல் ஒளிப்படத்தை முறையான படிப்பாகக் கற்பிக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நிறம். பழைய பூச்சு மாநிறத்தைக் கறுக்கடித்தபோது அதை வெளுத்துச் சரிசெய்ததில் நியாயம் இருந்தது. நிறத்தை ஏறக்குறைய உள்ளபடி வாங்கும் இன்றைய கேமரா வந்த பிறகும் முகத்தை வெளுப்பது பொய், அந்த முகத்துக்குச் செய்யும் அவமதிப்பும்கூட. இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல், கறுத்த தோலைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாதென நெறி வகுத்தது. நார்வே 2021-இல், உடலின் வடிவத்தையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமியற்றியது. இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களே, மூலப்படத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மூலத்தையும் திருத்தியதையும் அருகருகே வைத்து, படத்தில் இருப்பவரை நேரில் கண்ட ஒருவரிடம் காட்டி, இது அவர் நிறம்தானா என்று கேட்ட பிறகே அனுப்புங்கள்.