தைப்பூசப் பணம் மே மாதத்துக்குப் போன கதை



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. கணக்கு விஷயம்தான். ஆனால் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

2023 தைப்பூசம் பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று நம் ஆலயத்தில் உண்டியலுக்குச் சமமாக டுயிட்நவ் கியூஆர் வழியாகவும் பணம் வந்தது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நாங்கள் கணக்கை வாசித்தபோது, பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "தைப்பூச மாசத்துல இவ்வளவுதானா? மே மாசத்துல மட்டும் இவ்ளோ வந்திருக்கே, அப்போ என்ன திருவிழா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மண்டபமே அமைதியாகிவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சிலர் பார்வையிலேயே சந்தேகம் தெரிந்தது. அந்த வாரம் எங்களில் யாருக்கும் தூக்கம் இல்லை.

பணம் எங்கும் போகவில்லை, ஒரு சென்கூடக் குறையவில்லை. அப்புறம் ஏன் அப்படி வந்தது? அதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆலயக் கணக்கு நமக்குப் புதுசு இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் யார் என்ன கொடுத்தார் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் என்ற கணக்குகூட அதில் இருக்கிறது. விமானத்தின் உச்சிக்கு ராஜராஜ சோழன் செம்புக் குடம் கொடுத்தது 25-ஆம் ஆட்சியாண்டு, 275-ஆம் நாள். அது 1010-ஆம் ஆண்டு. அந்தத் தேதியைக் கவனியுங்கள். ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள், அவ்வளவுதான். எது நாள், எது மாதம் என்ற குழப்பத்துக்கே இடமில்லை.

பிறகு நகரத்தார் இந்தப் பக்கம் வந்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சின்ன மேசைப்பெட்டி மேல் பேரேடு வைத்து எழுதினார்கள். பிள்ளையார் சுழி, பற்று, வரவு, கடைசியில் ஐந்தொகை. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859-இல் எழுப்பியவர்களும் இவர்கள்தான். கடைக்கணக்கும் கோயில் கணக்கும் ஒரே கையில் பழகியவை. எழுதியவரே கூட்டினார், கூட்டியவரே பதில் சொன்னார். நடுவில் வேறு யாரும் புகுந்து தேதியை மாற்ற வழியில்லை.

கணினி வந்ததும் அந்த "நடுவில்" என்பது உருவானது. 1979-இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். பேரேட்டுக் கட்டங்களை அப்படியே திரையில் வைத்து, ஒரு எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானே மாறும்படி செய்தார்கள். 1983-இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985-இல் மெக்கின்டாஷுக்கும் 1987-இல் விண்டோஸுக்கும் எக்செல் வந்தது. ஆனாலும் அப்போதெல்லாம் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து நாமேதான் தட்டெழுதினோம். தவறு நடந்தால் அது நம் விரலின் தவறு.

இணைய வங்கிச் சேவை வந்த பிறகுதான் கோப்பாகவே பதிவிறக்கம் செய்யும் பழக்கம் வந்தது. எங்களுக்குக் கிடைப்பது சிஎஸ்வி கோப்பு. அதில் ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு வரி, விவரங்களுக்கு நடுவில் காற்புள்ளி. காற்புள்ளி போட்டுத் தரவைப் பிரிக்கும் வழக்கம் 1972-இலேயே ஐபிஎம் ஃபோர்ட்ரானில் இருந்தது. ஆனால் இதற்கென்று ஓர் இலக்கணத்தை எழுதி வைத்தது 2005-இல்தான். ஆர்எஃப்சி 4180 என்பது அதன் பெயர். அதிலும் காற்புள்ளி, மேற்கோள்குறி பற்றித்தான் இருக்கிறது. தேதியை எப்படி எழுதணும் என்று ஒரு வார்த்தையும் இல்லை. வந்த வினை அங்கேதான்.

1997-இல் மைக்ரோசாஃப்ட், இன்டியூட், செக்ஃப்ரீ மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஓஎஃப்எக்ஸ் என்ற வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்தன. அதில் தைப்பூச நாள் 20230205 என்று வரும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, குழப்பமே இல்லை. நமக்கு வரும் சிஎஸ்வியிலோ 05/02/2023. மலேசியாவில் இதைப் பார்த்தால் யாருக்கும் பிப்ரவரி 5. அமெரிக்காவில் அதுவே மே 2.

எங்கள் ஆலய லேப்டாப் யாரோ அன்பர் கொடுத்தது, அமெரிக்க அமைப்பிலேயே இருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கோப்பை டபுள் கிளிக் பண்ணித் திறந்தோம். எக்செல் உள்ளுக்குள் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது, 1900 ஜனவரி 1 என்றால் 1. பிப்ரவரி 5-க்கு 44962 என்று வந்திருக்க வேண்டும். அது மே 2 என்று படித்து 45048 என்று போட்டுக்கொண்டது. எச்சரிக்கை, சிவப்புக் கோடு, எதுவும் இல்லை.

13-ஆம் தேதி முதல் உள்ளவற்றை அதனால் படிக்க முடியவில்லை. 13-ஆவது மாதம் ஏது? அவை வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றன. எங்கள் தொண்டர் தம்பி ஒருவர் அவற்றை மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். மற்றவை பார்க்க அழகாக இருந்ததால் யாரும் தொடவில்லை. தப்பாக இருந்தவை அந்த அழகானவைதான். ஆண்டு மொத்தம் சரியாக வந்தது, மாதக் கணக்கு மட்டும் இடம் மாறிப்போனது.

ரசீதிலும் அது போனது. தைப்பூசத்தன்று அம்மா நினைவாக அன்னதானத்துக்குக் கொடுத்த அக்கா ஒருவருக்கு மே 2 என்று ரசீது போயிருக்கிறது. "பூசத்தன்னிக்குன்னுதானே கொடுத்தேன்" என்று ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் எக்செல் கதையெல்லாம் எடுபடாது. மன்னிப்புக் கேட்டு, தேதியைத் திருத்தி, ஆலய முத்திரையோடு புது ரசீது கொடுத்தோம்.

பிழையைக் கண்டுபிடிக்க உதவியது பழைய பொருளாளர் ஐயாவின் நோட்டுப் புத்தகம். நாங்கள் எத்தனை முறை வேண்டாம் என்று சொல்லியும் அவர் கையால் எழுதுவதை விடவில்லை. தைப்பூசப் பக்கத்தைத் திறந்து, வங்கி தந்த பிடிஎஃப் அறிக்கையோடு வரி வரியாக ஒப்பிட்டோம். அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது.

இப்போது நாங்கள் செய்வது இது. மற்ற ஆலயத் தொண்டர்களுக்கும் உதவும்.

முதலாவது, சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் பண்ணித் திறப்பதே இல்லை. எக்செலைத் திறந்து, 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவருகிறோம். தேதிக் கட்டத்துக்கு மலேசிய முறை என்று நாமே சொல்கிறோம். லிப்ரே ஆபிஸ் என்றால் திறக்கும்போதே ஒரு பெட்டி வரும், அதில் 'டேட் டிஎம்ஒய்' என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

இரண்டாவது, தொலைபேசி எண், பரிவர்த்தனை எண் இரண்டையும் 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுகிறோம். இல்லையென்றால் 012-இன் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். 16 இலக்க எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்.

மூன்றாவது, ஆண்டு மொத்தம் சரி என்று நிம்மதியாக விடுவதில்லை. தொடக்க இருப்பு, வரவு, பற்று, இறுதி இருப்பு நான்கையும் மாதம் மாதமாகப் பிடிஎஃப் அறிக்கையோடு ஒப்பிடுகிறோம். அசல் கோப்பைத் தொடாமல் தனியாகச் சேமித்து வைக்கிறோம்.

நான்காவது, ஐயாவின் நோட்டு தொடர்கிறது. வேண்டாம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் உங்கள் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள். அன்னதானமா, திருப்பணியா, உபயமா என்று இரண்டு வார்த்தை போதும். ரசீதில் தேதியோ பெயரோ மாறியிருந்தால் தயங்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்தப் பெரியவரைப் பிறகு வீட்டில் போய்ப் பார்த்தோம். திருத்திய கணக்கைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிப்ரவரிப் பக்கத்தை முழுக்கப் படித்தார். "நான் கேட்டது தப்பில்லையே?" என்றார். தப்பே இல்லை ஐயா, நீங்க கேட்டதால்தான் சரியானது என்றோம். இப்போது ஒவ்வொரு காலாண்டும் கணக்கை முதலில் அவரிடம்தான் கொண்டுபோகிறோம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குக் கண்டிப்பா வாங்க. கேள்வி கேளுங்க.

ஆலயக் கணக்குக் குழுத் தொண்டர்கள்