பொலேரோவின் கதை – 9: பக்கவாத்தியக்காரரின் காது

கூட்டி கார்தெனாஸ் பிழைக்கவில்லை. 1932 ஏப்ரல் 5 அன்று மெக்சிகோ நகரத்தின் சலோன் பாக் மதுக்கூடத்தில் வாக்குவாதம் முற்றித் துப்பாக்கி வெடித்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். யுகதான் மாநிலத்தின் செல்லப் பாடகர் அங்கேயே உயிரை விட்டார். வயது 26.

அவரோடு ஒரு வழியும் அடைபட்டது. யுகதான் மெக்சிகோவைச் சேர்ந்த நிலம்தான். ஆனாலும் அதன் தலைநகரான மெரிடாவுக்கு மெக்சிகோ நகரத்தைவிடக் கியூபாவின் ஹவானா அருகில் இருக்கிறது. கியூபாவில் பிறந்த பொலேரோ கப்பலேறி முதலில் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். அதைத் தன் வட்டாரப் பாட்டோடு குழைத்து, கிடாரோடு தலைநகருக்குக் கொண்டுபோய் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் கூட்டி. அவருக்குப் பிறகு யார்?

அந்த ஆள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. 1935 டிசம்பர் 7 அன்று மெரிடாவில் பிறந்தார் அர்மாந்தோ மன்சனேரோ கான்சே. இரண்டாவது குடும்பப் பெயர் தாயாருடையது. மாயா இனத்துப் பெயர். அந்த மாயா வேரை அவர் கடைசி வரை பெருமையோடு சொல்லிக்கொண்டார். தந்தை சந்தியாகோ மன்சனேரோ பாடகர். யூகல்பெட்டன் என்ற வட்டார இசைக்குழுவோடு சேர்ந்திருந்தவர். வீட்டில் கிடார் ஒலித்தது. பையன் உட்கார்ந்ததோ பியானோ முன்னால். எட்டு வயதில் மெரிடாவின் நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தான். 1950இல், பதினைந்து வயதுகூட நிறையாத நிலையில், முதல் பாட்டை எழுதினான். அதே ஆண்டு பியானோ வாசித்துச் சம்பாதிக்கவும் தொடங்கிவிட்டான்.

கிடாருக்குப் பதிலாகப் பியானோ என்ற இந்த மாற்றம் சின்னதாகத் தெரியலாம். என் கணிப்பில் இந்த அத்தியாயத்தின் ஆணிவேர் அதுதான். அதுவரை பொலேரோ பெரும்பாலும் கிடார்களின் சொத்து. 1944இல் நியூயார்க்கில் உருவான லாஸ் பாஞ்சோஸ் மூவர் குழு அதற்கு ஒரு முகம் கொடுத்திருந்தது: மூன்று குரல், தாளம் பிடிக்கும் கிடார்கள், உச்சத்தில் மினுங்கும் ரெக்கிந்தோ என்ற சிறு கிடார். பியானோ முன்னால் உட்கார்கிறவனுக்குப் பத்து விரல்களும் பத்துச் சுரங்கள். மெட்டு ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்க, அதன் அடியில் இருக்கும் சுரக்கூட்டை மட்டும் மெல்ல நகர்த்தி, கேட்பவரின் மனநிலையை மாற்றிவிடலாம். மன்சனேரோவின் பாட்டுகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. பாடகர் ஏறக்குறைய பேசிக்கொண்டிருக்கிறார். கீழே தரை நகர்கிறது.

1957 வாக்கில் அவர் தலைநகருக்குப் போனார். கூட்டி போன அதே ஊர். ஆனால் கூட்டியைப் போல மேடையின் நடுவில் நிற்பதற்காகப் போகவில்லை. சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் மெக்சிகோ கிளையில் இசைப் பொறுப்பாளர் வேலை. மீதி நேரத்தில் பெரிய பாடகர்களுக்குப் பியானோ. கம்பீரக் குரலோன் பெத்ரோ வர்காஸ், சிலி நாட்டிலிருந்து வந்து மெக்சிகோவைத் தன் வசமாக்கிக்கொண்ட லூச்சோ காதிகா ஆகியோரின் பின்னால் அவர் உட்கார்ந்து வாசித்தார்.

மன்சனேரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளை ஒரு வரியில் கடந்து, புகழ்பெற்ற பாட்டுகளுக்குத் தாவிவிடுவார்கள். அது பெரிய இழப்பு. பக்கவாத்தியக்காரர் கற்கும் பாடத்தை எந்தப் பள்ளியும் சொல்லித்தருவதில்லை. பாடகர் எங்கே மூச்சு வாங்குவார், எந்த உயிரெழுத்தில் குரல் திறக்கும், எந்தச் சொல்லில் தொண்டை இறுகும், களைத்த இரவில் சுருதியை எவ்வளவு இறக்கினால் அவர் தப்பிப்பார் என்பதெல்லாம் பியானோக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும். வர்காஸின் நெஞ்சுக் குரலும் காதிகாவின் காதோரக் குரலும் நேர் எதிரானவை. இரண்டுக்கும் இரவிரவாக வாசித்த ஒருவர் எழுதும் மெட்டு யார் வாய்க்கும் பொருந்துவதில் வியப்பென்ன?

1959இல் காதிகா, தன் பியானோக்காரர் எழுதிய பாட்டைத் தானே பாடினார். விளக்கை அணைத்துவிட்டு உன்னை நினைக்கப்போகிறேன் என்று ஒருவன் சொல்வதுதான் விஷயம். நிலா இல்லை, ரோஜா இல்லை. வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரு சுவிட்சு. பழைய பொலேரோ கவிஞர்கள் காதலியைச் சிலையாக்கி வணங்கினார்கள். மன்சனேரோ அவளோடு பேசினார். அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கெலிக்கா மரியா என்ற இளம் நட்சத்திரத்துக்கு 'எடி எடி' போன்ற துள்ளல் பாட்டுகளையும் எழுதிக் கொடுத்தார். பதின்வயதினரின் பேச்சு அவர் கைக்குப் பழகியது அங்கேதான். இதை நினைவில் வையுங்கள். அத்தியாயத்தின் முடிவில் தேவைப்படும்.

அடுத்து நடந்ததை அவரை அறிந்தவர்கள்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1967இல் ஆர்சிஏ நிறுவனம் அவர் பாட்டுகளை அவர் குரலிலேயே தட்டாக வெளியிட்டது. குட்டையான உருவம், மெலிந்த கரகரப்பான குரல். வர்காஸ் பாடிய ஊரில் இந்தக் குரல் எடுபடுமா? எடுபட்டது. எழுதியவனே முணுமுணுப்பதைக் கேட்கையில், பாட்டுக்கும் கேட்பவருக்கும் நடுவில் யாருமே இல்லாதது போலிருந்தது. 'அதோரோ', 'கொந்திகோ அப்ரெந்தி', 'எஸ்தா தார்தே வி யோவேர்' என்று ஸ்பானிய மொழி பேசும் கண்டம் முழுவதும் அவர் பாட்டுகள் பரவின. மாலை மழையைப் பாடும் அந்தக் கடைசிப் பாட்டுக்கு ஜீன் லீஸ் ஆங்கில வரிகள் எழுத, 1968இல் டோனி பென்னெட் பாடினார்.

ஆனால் பெரிய அலை 1970இல்தான் எழுந்தது. அமெரிக்கப் பாடகர் பெர்ரி கோமோவுக்கு அப்போது 58 வயது. முதல் பத்து இடங்களுக்குள் அவர் பாட்டு வந்து பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகியிருந்தது. ராக் யுகம் அவரை ஓரங்கட்டிவிட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள். மன்சனேரோவின் 'சோமோஸ் நோவியோஸ்' மெட்டுக்கு சிட் வெய்ன் ஆங்கில வரிகளைப் பொருத்தினார். 'இட்ஸ் இம்பாசிபிள்' என்ற பெயரில் கோமோ அதைப் பாட, பில்போர்டு பட்டியலில் பத்தாவது இடம் வரை போனது. ஆண்டின் சிறந்த பாட்டுக்கான கிராமி விருதுப் பட்டியலிலும் இடம்பெற்றது. விருது கரோல் கிங்குக்குப் போனது. ஆனாலும், மெரிடாவின் பையன் போட்ட மெட்டு அந்த ஐந்து பாட்டுகளில் ஒன்றாக நின்றது. 1972இல் எல்விஸ் பிரெஸ்லியும் அதை லாஸ் வேகாஸ் மேடையில் பாடினார்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் மன்சனேரோ ஒரு நல்ல பாடலாசிரியராக நினைவில் நின்றிருப்பார். எழுபதுகளும் எண்பதுகளும் வேறு திசையில் ஓடின. பலாதா எனும் புதுவகைக் காதல் பாட்டு மேடையைப் பிடித்துக்கொண்டது, சிந்தசைசர் வந்தது, ஹுவான் கப்ரியேல், ஹோசே ஹோசே என்ற பெயர்கள் சுவரொட்டிகளை நிறைத்தன. பொலேரோ அப்பா அம்மா காலத்துச் சங்கதி என்றாகிப் போனது. மன்சனேரோ தொடர்ந்து எழுதினார், வாசித்தார். ஆனால் காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டதாகவே தோன்றியது.

இப்போது 1991க்கு வருவோம். பாப் பாடகர் லூயிஸ் மிகேலுக்கு வயது 21. சிறுவனாக மேடையேறி, பதின்வயதுப் பெண்களின் கூச்சலுக்கு நடுவே வளர்ந்தவர். 1987 முதல் அவருடைய தட்டுகளுக்குப் பொறுப்பேற்றவர் ஹுவான் கார்லோஸ் கால்தெரோன். 1973 யூரோவிஷன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த 'எரெஸ் து' பாட்டை எழுதிய ஸ்பெயின் நாட்டு மேதை. இந்த ஜோடி அடுத்த தட்டையும் செய்யும் என்பதுதான் ஏற்பாடு. கால்தெரோன் கொண்டுவந்த புதுப் பாட்டுகள் ஏற்கப்படவில்லை. தட்டு கொடுத்தாக வேண்டிய ஒப்பந்தக் கெடுவோ கழுத்தை நெரித்தது. கையில் ஒரு பாட்டு இல்லை.

மேலாளர் ஊகோ லோபெஸ் ஒரு யோசனை சொன்னார்: பொலேரோ பாடலாமே.

இளைஞரின் மனதிலும் அந்த ஆசை முன்பே இருந்தது. டபிள்யூஇஏ லத்தீனா நிறுவனம் தன்னிடம் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்த மன்சனேரோவைத் தயாரிப்புக்கு அழைத்தது. வானொலியில் பலாதாவும் பாப்பும் ஆண்டுகொண்டிருந்த நேரத்தில் தாத்தா காலத்துப் பாட்டுகளை ஒரு பாப் நட்சத்திரத்தின் வாயில் வைப்பதா? தொழில் தெரிந்தவர்களுக்கு இது பெரிய சூதாட்டமாகவே பட்டது. தோற்றால் ரசிகைகள் போவார்கள். முதியவர்களும் வர மாட்டார்கள்.

மன்சனேரோவுக்கு அப்போது 55 வயது. வாழ்க்கையில் பாதியை அடுத்தவர் குரலுக்குப் பின்னால் உட்கார்ந்து கழித்தவர், மறுபடியும் அதே இடத்தில். இந்த முறை கேட்க வேண்டிய குரல் ஒரு பையனுடையது. வலு நிறைய, அனுபவம் குறைவு. காதிகா காதோரம் பாடியதை இவரிடமிருந்து எப்படி வாங்குவது? அங்கெலிக்கா மரியாவுக்கு எழுதிய கை இங்கே உதவுமா?

இசைக்கோர்ப்புக்கு வந்தவர் அர்ஜென்டினாக்காரர் பெபு சில்வெத்தி. இவரும் பியானோக்காரர்தான். ஆனால் உலகம் இவரை அறிந்தது எழுபதுகளின் டிஸ்கோ இசைத் துண்டான 'ஸ்பிரிங் ரெயின்' வழியாக. மூன்று கிடார்கள் சுமந்த பாட்டுகளை ஒரு பெரிய வயலின் கூட்டத்தின் கையில் கொடுக்கப்போகிறார். பழைய ரசிகர்கள் இதை மன்னிப்பார்களா?

மன்சனேரோவும் லூயிஸ் மிகேலும் சுமார் 500 பொலேரோக்களைப் புரட்டினார்கள். எடுப்பதும் தள்ளுவதுமாகத் திணறினார்கள். ஆகஸ்டு மாதம் ஹாலிவுட்டின் ஓஷன் வே ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை தொடங்கியது. நவம்பர் 19 அன்று 'ரொமான்ஸ்' என்ற பெயரில் 12 பாட்டுகளோடு தட்டு கடைக்கு வந்தது. அதை முதலில் போய் வாங்கியவர்கள் யார்? பாட்டிகளா, பேத்திகளா?

(தொடரும்)