கல்நாரும் காலவரையறையும்

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நம் ஊரில் கூரை. ஓலை மாற்றி மாளாதவர்கள், கான்கிரீட் கைக்கு எட்டாதவர்கள் போட்டுக்கொள்கிற 'ஷீட்'. வெயிலில் வேகும், மழையில் சத்தம் போடும் என்பதற்கு மேல் அதைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. தமிழில் அதற்குக் கல்நார் என்றொரு பெயர் இருக்கிறது. 'அணைக்க முடியாதது' என்ற கிரேக்க மூலத்தைவிட இது பொருத்தமான பெயர். நெருப்பை எதிர்க்கும் குணத்தைச் சொல்லாமல், கல்லாக இருந்துகொண்டே நாராகப் பிரிவதைச் சொல்கிறது. ஆளைக் கொல்வது அந்தப் பிரிதல்தான். கண்ணுக்குத் தெரியாத இழைகளாகி நுரையீரலில் இறங்கியதை உடம்பால் எளிதில் கரைக்கவோ வெளியேற்றவோ முடிவதில்லை.

இதனால் வரும் நோய்கள் ஒன்றல்ல. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது ஒன்று. நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து பல மடங்காகிறது. மூன்றாவது மீசோதீலியோமா, அதாவது நுரையீரலையோ வயிற்றையோ சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்று. இதற்கும் சிகரெட்டுக்கும் தொடர்பில்லை. கல்நார் இல்லாமல் இது வருவது அபூர்வம். தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, சிலருக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து வரும். வந்தபின் பெரும்பாலோர் ஒன்றிரண்டு ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள்.

இந்த முப்பது ஆண்டு இடைவெளியைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். சட்டத்துக்குப் பழக்கமானது விபத்து. இன்ன தேதி, இன்ன இடம், இன்னாரின் கை. தூசிக்கு இது எதுவும் கிடையாது. கல்நார் வழக்குகளின் வரலாறு என்பது, பாதிக்கப்பட்டவனிடம் இல்லாத தேதியைச் சட்டம் திரும்பத் திரும்பக் கேட்டதன் வரலாறு என்றே நான் வாசிக்கிறேன்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நாரை நூலாக நூற்றவர் நெல்லி கெர்ஷா. 1922இல் மருத்துவர் அவருக்குக் 'கல்நார் நஞ்சேற்றம்' என்று சான்று எழுதினார். அந்தச் சான்றே அவருக்கு எதிரியாயிற்று. தொழிலால் வந்த நோய் என்பதால் உடல்நலக் காப்பீட்டில் பணம் இல்லை என்றார்கள். இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் அப்படியொரு நோயே இல்லை என்று ஆலை கைவிரித்தது. ஒரு அலுவலகத்துக்கு அது தொழில்நோய், இன்னொன்றுக்கு அது நோயே இல்லை. 1924இல் 33ஆம் வயதில் இறந்தார். அடக்கச் செலவுக்கும் ஆலை பணம் தரவில்லை, கொடுத்தால் முன்னுதாரணமாகிவிடுமாம். பெயர் பொறிக்காத குழியில் புதைத்தார்கள். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக் 1927இல் நோய்க்கு 'ஆஸ்பெஸ்டாசிஸ்' என்று பெயரிட்டார். நோய்க்குப் பெயர் கிடைத்தது, கல்லறைக்குக் கிடைக்கவில்லை.

1930இல் மெரிவெதர், பிரைஸ் என்ற இரண்டு அரசு அதிகாரிகள் 363 தொழிலாளர்களைச் சோதித்து அறிக்கை தந்தார்கள். நாலில் ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறியிருந்தது. இருபதாண்டுக்கு மேல் வேலை செய்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு! அடுத்த ஆண்டே விதிகள் வந்தன, இழப்பீடும் வந்தது. ஆனால் யாருக்கு? ஆலைக்குள் குறிப்பிட்ட சில வேலைகளைச் செய்தவர்களுக்கு மட்டும். கப்பலிலும் கொதிகலனிலும் கல்நாரைச் சுற்றியவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அறிவும் அதிகாரமும் பற்றிப் பேச இங்கே ஃபூக்கோவைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை, பட்டியலைப் படித்தாலே போதும். 'தெரியாது' என்று சொன்ன அதிகாரம் 'இவ்வளவுதான் தெரியும்' என்று வரம்பு கட்டும் அதிகாரமாக மாறியது, அவ்வளவுதான்.

அந்த வரம்பை நோய் மதிக்கவில்லை. ராச்டேல் ஆலையில் இருபதாண்டுக்கு மேல் தூசியில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு என்று ரிச்சர்ட் டால் 1955இல் காட்டினார். அந்தக் கட்டுரை வெளிவராமல் தடுக்க நிறுவனம் முயன்றது. 1960இல் வாக்னரும் சக மருத்துவர்களும் தென்னாப்பிரிக்காவிலிருந்து 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அல்ல. வடமேற்குக் கேப் பகுதியின் நீலக் கல்நார் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் குழந்தைகளாக விளையாடியவர்கள். 1965இல் லண்டனில் நியூஹவுஸும் தாம்ப்சனும், ஆலைக்கு அரை மைலுக்குள் குடியிருந்தவர்களுக்கும், ஆலையில் வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் இது வந்திருப்பதைக் கண்டார்கள். கணவன் சட்டையை உதறித் துவைத்த பெண் எந்தப் பட்டியலில் வருவாள்? அவளுக்கு வேலையும் இல்லை, முதலாளியும் இல்லை.

சட்டம் அசைந்தது, ஆனால் நத்தையைப் போல. 1963இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. கல்நார் அல்ல, வார்ப்பாலைத் தூசி. நுரையீரலில் சேதம் தொடங்கிய நாளிலிருந்தே காலவரையறை ஓட ஆரம்பிக்கும், தனக்கு நோய் இருப்பது தொழிலாளிக்குத் தெரியாவிட்டாலும் சரி என்று தீர்ப்பு. நியாயமில்லைதான், ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 'தெரியவந்த நாள்' என்றொரு தேதியை உண்டாக்கியது. தூசிக்குக் கிடைத்த முதல் தேதி.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் போரெல் 1936 முதல் 1969 வரை குழாய்களுக்குக் கல்நார் சுற்றியவர். வழக்கு விசாரணைக்கு வருமுன் செத்துப்போனார். 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆபத்தை எச்சரிக்காமல் சரக்கை விற்ற உற்பத்தியாளர்களே பொறுப்பு என்றது. அதற்குப் பின் வழக்குகள் குவிந்தன. பெரிய கம்பெனியான ஜான்ஸ்-மேன்வில் 1982இல், லாபத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, திவால் மனு போட்டது. வழக்குகளிலிருந்து ஒளிந்துகொள்ளத் திவால் சட்டத்தையே போர்வையாக்கிய வித்தையை மற்ற கம்பெனிகளும் அப்புறம் கற்றுக்கொண்டன.

பிறகு வந்த வாதம் இன்னும் நுட்பமானது. ஒருவர் நாலு முதலாளிகளிடம் வேலை செய்திருக்கிறார். நாலு பேரும் அலட்சியமாக இருந்தது நிரூபணமாகிவிட்டது. ஆனால் நோயைத் தந்த இழை யாருடைய தூசியிலிருந்து வந்தது என்று காட்டு! காட்ட முடியாததால் நாலு பேரில் எவரும் பொறுப்பல்ல என்று 2001இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஒருவன் கொன்றால் குற்றவாளி, நாலு பேர் சேர்ந்தால் நிரபராதி! ஃபேர்சைல்டு வழக்கில் பிரபுக்கள் சபை 2002இல் இதைத் தலைகீழாக்கியது. ஆபத்தைக் கணிசமாகக் கூட்டியவர் எவரோ அவரே பொறுப்பு என்றது.

வாக்னர் எழுதிய அந்தச் சுரங்கப் பகுதியின் மக்களும் லண்டனுக்கு வந்தார்கள். கேப் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, தென்னாப்பிரிக்காவிலேயே வழக்காடுங்கள் என்று தள்ளிவிடப் பார்த்தது. அங்கே வழக்கு நடத்தப் பண உதவி கிடைக்காது, அப்படித் தள்ளுவது நீதியை மறுப்பதாகும் என்று 2000இல் பிரபுக்கள் சபை அவர்களுக்கு வழிவிட்டது. 2003இல் முடிந்த சமரசத்தில் சுமார் 7,500 பேருக்குக் கேப் கொடுத்தது 75 லட்சம் பவுண்டு. தலைக்கு ஆயிரம்.

இந்தியாவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு 1986இல் போயிற்று. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கு. 1995 ஜனவரியில் வந்த தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் சோதித்து ஆஸ்பெஸ்டாசிஸ் என்று உறுதிசெய்தால் ஆலை ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. பலரும் இதை மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தொழிலாளியின் மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையைவிட்டு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்ற உத்தரவுதான் அது. நோயின் கடிகாரத்தை ஒரு இந்திய நீதிமன்றம் இங்கே ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது.

ஆனால் 1923இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைப் பாருங்கள். (2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அதைத் தனக்குள் இழுத்துக்கொண்டது.) அதன் அட்டவணையில் கல்நார் நோய் இருந்தது. வேலையைவிட்டு இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்தால், தெரிந்த நாளை விபத்து நாளாகக் கொள்ளலாம் என்ற சலுகையும் இருந்தது. முப்பது ஆண்டு கழித்து வரும் நோய்க்கு இரண்டு ஆண்டு! தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் அதைக் கேட்டுப் பெற, வேலை செய்ததற்குச் சான்று வேண்டுமே. ஆகவே பாதிக்கப்பட்டவர் முதலில் தேட வேண்டியது வக்கீலை அல்ல, காகிதத்தை: ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண், சம்பளச் சீட்டு, கூட வேலை செய்தவர்களின் பெயர். திசுப் பரிசோதனை முடிவோடு, 'என்ன வேலை செய்தீர்கள்' என்று மருத்துவர் கேட்டு எழுதிய ஒரு வரியும் வேண்டும். நம் மருத்துவமனைகளில் அந்தக் கேள்வி அரிது. இருமல், இளைப்பு என்று போனால் காசநோயாகத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பிரிட்டன் 1999இல் கல்நாரைத் தடை செய்தது. இந்தியா புதிய சுரங்க அனுமதியை 1986இல் நிறுத்தியதே தவிர இறக்குமதியை நிறுத்தவில்லை. ரஷ்யாவிலிருந்து இன்னும் வருகிறது. 1995இல் இருபது வயதில் ஷீட் ஆலையில் சேர்ந்து பத்தாண்டு இருந்தவருடைய பதிவு, தீர்ப்பின்படி 2035 வரை இருக்க வேண்டும். அப்போது அவருக்கு அறுபது வயது. அதே ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு மூட்டை பிரித்துக் கொட்டியவரின் பெயர் மஸ்டர் ரோலில் ஏறியிருக்குமா? உடைந்த ஷீட்டை ரம்பத்தால் அறுத்துக் கூரை மாற்றும் கொத்தனாருக்கு மஸ்டர் ரோலே கிடையாது.