மர்மயோகியும் எங்கள் ஊர்ப் பார்வையாளர்களும்



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவிற்கு வருவது இயல்பு. ஆயினும், ஒரு திரைப்படத்தைக் கண்டு மக்கள் என்ன எண்ணினார்கள் என்பதும் வரலாறே. பேய் தோன்றும் காட்சிகளுக்காகச் சிறுவர்களைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிட்ட ஒரு படத்தைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

'மர்மயோகி' என்பது அதன் பெயர். ஜூபிடர் நிறுவனத்தாரின் தயாரிப்பாக 1951-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏ. எஸ். ஏ. சாமி கதையை அமைத்தார், கே. ராம்நாத் இயக்கினார். அதற்கு முந்திய ஆண்டில் விக்தர் யூகோவின் புகழ் பெற்ற புதினத்தை 'ஏழை படும் பாடு' என்னும் படமாக்கித் தந்தவரும் இந்த ராம்நாத்தே. ஜூபிடர் நிறுவனத்தார் படம் பிடித்து வந்த சென்ட்ரல் ஸ்டுடியோ, சிங்காநல்லூரில் இருந்தது. எங்கள் சூலூரிலிருந்து திருச்சிச் சாலையில் மேற்கே சில மைல் சென்றால் அவ்விடத்தை அடையலாம்.

கதையின் வித்துக்கள் கடல் கடந்து வந்தவை. மேரி கொரெல்லி என்னும் ஆங்கில எழுத்தாளர் 1886-இல் எழுதிய 'வெண்டெட்டா' புதினத்தில், இறந்தவன் என்று புதைக்கப்பட்ட ஒருவன் உயிருடன் மீண்டு, மாறுவேடத்தில் பழி தீர்க்கிறான். அதனோடு ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகமும், ராபின் ஹூட் கதையும் கலந்தன. அரசனைக் கொன்றுவிட்டதாக எண்ணி அரியணை ஏறும் ஊர்வசியாக அஞ்சலி தேவியும், அவளை எதிர்க்கும் வீரன் கரிகாலனாக எம். ஜி. ராமச்சந்திரனும் நடித்தனர். மாண்டதாகக் கருதப்பட்ட அரசன் ஆவியுருவில் தோன்றி அவளை நடுங்கச் செய்கிறான். அந்த அரசனே யோகி வேடத்தில் உயிருடன் இருக்கிறான் என்பது முடிவில் வெளிப்படுகிறது. அரசனாக நடித்தவர் செருகளத்தூர் சாமா.

1949-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, நம் நாட்டுப் படங்கள் யாவரும் காணத்தக்கவை என்றும், வயது வந்தோர் மட்டும் காணத்தக்கவை என்றும் இரு வகையாகப் பிரிக்கப்பட்டன. பேய்க் காட்சிகளின் காரணமாகத் தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் 'மர்மயோகி'. அதே 1951-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வயது வந்தோருக்கென 'எக்ஸ்' என்னும் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது என்பது நினைக்கத்தக்கது.

அப்போது எனக்கு வயது பத்து. படம் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தபோது, வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் சென்றார்கள். நான் மட்டும் திண்ணையில் இருத்தப்பட்டேன். அன்றிரவு நான் தூங்கவில்லை. காணாத பேய், கண்ட பேயினும் கொடியது அன்றோ!

மறுநாட் காலையில் ஒவ்வொருவரையும் வினவினேன். என் தந்தையார், "பேய் என்று ஊரைக் கூட்டிவிட்டு, கடைசியில் ஆள் உயிரோடு இருக்கிறான் என்றால் அது என்ன பேய்?" என்று சலித்துக்கொண்டார். அத்தையோ, அந்த வெளிப்பாடுதான் தமக்கு ஆறுதல் என்றார். அறம் வெல்வதற்குப் பேயின் துணை வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. தறி நெய்து வந்த என் அப்பாரு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "பேயைக் கண்டு நான் பயப்படவில்லை. அந்த ராணி பயந்ததைக் கண்டுதான் பயந்தேன். தப்புச் செய்தவருக்குச் சுவரிலும் பேய் தெரியும்" என்றார்.

ஷேக்ஸ்பியரின் பெயரையே அறியாதவர் அவர். ஆனால் 'மாக்பெத்' நாடகத்தின் விருந்துக் காட்சியில், கொலையுண்ட பாங்கோவின் ஆவி கொலைக்குக் காரணமானவனின் கண்ணுக்கு மட்டுமே புலப்படுகிறது. அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் அந்த நுட்பத்தை, எங்கள் அப்பாரு தறிக்குழியில் அமர்ந்தவாறே சொல்லிவிட்டார்.

கல்லூரியில் சேர்ந்த பின்னரே நான் அப்படத்தைக் கண்டேன். பத்து வயதில் நான் கற்பனை செய்திருந்த பேய் அதில் இல்லவே இல்லை. குழந்தைகள் அஞ்சுவார்களே என்று சட்டம் எதனைத் தடுத்ததோ, அது கதைப்படி உயிருள்ள ஒரு மனிதன்! எனினும், அத்தடையை வீண் என்று நான் இகழமாட்டேன். இளம் உள்ளத்தைக் காக்க வேண்டும் என்னும் நோக்கம் நல்லதே. ஆனால் குற்றம் புரிந்த நெஞ்சின் அச்சத்தை இளமையிலேயே கண்டுணர்வதும் ஒரு காவல் அல்லவா? இவ்விரண்டில் எது பெரிது என்பதை இன்றளவும் என்னால் தீர்த்துரைக்க இயலவில்லை.

சான்றிதழ் ஏட்டில் ஓர் எழுத்துத்தான் இருக்கும். அதைக் காட்டி என்னைத் திண்ணையில் நிறுத்தியதும், அப்பாரு உரைத்ததும் எந்த ஏட்டிலும் இல்லை. அவ்வாண்டில் அப்படத்தைக் கண்ட பெரியவர்கள் இன்று மிகச் சிலரே. உங்கள் இல்லத்தில் அத்தகையோர் இருப்பின், இன்றே அருகமர்ந்து கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள்.